ஸ்டெர்லிங் எஞ்சின்: மூன்று வருடமும் ஓயாத விளக்குச் சண்டையும்

மேஜை மேல் வைத்து ஓட்டும் ஸ்டெர்லிங் எஞ்சின் (உள்ளே அடைத்த காற்று ஒரு முனையில் சூடாகி மறுமுனையில் குளிர்வதால் ஓடுவது) வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. விளக்குச் சூடு படும் முனையில் இருந்த இரண்டு கண்ணாடிக் குப்பிகள் விரிசல் விட்டுப் போய், மூன்றாவதாக உலோகக் குப்பி மாட்டிவிட்டுக் கையெல்லாம் கரியோடு உட்கார்ந்திருந்தேன்.

எஞ்சின் மேல் குறை இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிராஃபைட் பிஸ்டனுக்கு மூன்று வருடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை. விளக்கை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அதன் மேல் எல்லாக் கோபமும் போய்விடும்.

தொல்லை முழுக்க வெளியே, சூடேற்றும் இடத்தில். 1816-இல் ராபர்ட் ஸ்டெர்லிங் காப்புரிமை கேட்ட நாளிலிருந்து இதற்குத் தீ வெளியேதான். எதை எரித்தாலும் ஓடும் என்பார்கள். ஓடும்தான், ஆனால் எரிவதில் எவ்வளவு உள்ளே போகிறது? கூடவே வந்த ஸ்பிரிட் விளக்கின் சுடர் குப்பியின் அடியைத் தொட்டதும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். மின்விசிறி ஓடினால் கேட்கவே வேண்டாம். சூடு ஒரே இடத்தில் குவிவதால்தான் கண்ணாடியும் விட்டது என்று நினைக்கிறேன்.

செம்பு நன்றாகச் சூடு கடத்துமே என்று முதலில் செம்பில் ஒரு குப்பி செய்தேன். இரண்டு நிமிடம் பறந்தது, அப்புறம் தளர்ந்து நின்றது. சூடு சுவர் வழியாகவே குளிர்முனைக்கு ஊர்ந்துவிட்டது. சூடான முனை 327 டிகிரி செல்சியஸ், குளிர்முனை 27 என்றால் ஏட்டுக் கணக்கில் உச்சத் திறன் 50 சதவீதம். குளிர்முனை 87-க்கு ஏறினால் அதே கணக்கு 40-க்கு இறங்கும். நம் எஞ்சின் அந்த எண்களின் பக்கத்தில்கூட வராது, ஆனாலும் சரிவு சரிவுதான்.

அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குப்பிக்கு மாறினேன். அது செம்பில் இருபதில் ஒரு பங்குகூடச் சூடு கடத்தாது. சுவர் மெல்லிசாக இருந்தால் சூடு குறுக்கே உள்ளே போய்விடும், நீளவாக்கில் ஊராது. அதோடு ஒரு தகர டப்பாவை அடியில் துளையிட்டுக் குப்பியைச் சுற்றிக் கவிழ்த்தேன். சூடான புகை குப்பியை ஒட்டியே ஏறியது. பாதிச் சுடரில் பழைய வேகம்! ஆனால் இடைவெளியைக் கொஞ்சம் குறுக்கினால் விளக்குக்கு மூச்சு முட்டி, மஞ்சளாக எரிந்து கரி கக்குகிறது. இதைச் சரிசெய்யவே ஒரு வாரம்.

அருமையான எஞ்சின். வாங்காதீர்கள். விளக்கு இல்லாமல் தனியாக விற்றால் சொல்லுங்கள், இன்னொன்று நானே வாங்குவேன். இப்போது திரியை ஒரு நூல் உயர்த்தினேன், மறுபடியும் கரி.