பிசினஸ் ஜெட்டா, ஏடிஆரா? லாக்புக் போடும் கணக்கு

சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) கையில் வந்து, 200 மணி நேர அனுபவத்தோடு நிற்கிறவர்களுக்கு ஏர்பஸ் வாசல் உடனே திறந்துவிடுவதில்லை. பக்கத்தில் தெரிகிற வழிகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, சேலம், தூத்துக்குடி, கடப்பா மாதிரி ஊர்களுக்கு ஏடிஆர் 72 என்ற விசிறி வைத்த விமானம் (டர்போப்ராப்) பறக்கும் பிராந்திய விமானச் சேவை. மற்றொன்று, தொழிலதிபர்களையும் அரசியல்வாதிகளையும் ஏற்றிச் செல்லும் பிசினஸ் ஜெட். நான் வடக்கே ஒரு சிறிய சார்ட்டர் (வாடகை விமான) நிறுவனத்தில் ஹாக்கர் 850 என்ற பிசினஸ் ஜெட்டில் கோ-பைலட்டாக இருந்துவிட்டு ஏடிஆருக்கு வந்தவன். அதனால் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

ஜெட் வேகமானது, அழகானது, 41,000 அடியில் பறக்கும். ஏடிஆரின் உச்சவரம்பு 25,000 அடி. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையைச் சுற்றி மேகம் திரண்டால் ஜெட் பலவற்றைத் தாண்டி மேலே போய்விடும். நாங்கள் ரேடாரைப் பார்த்து வளைந்து வளைந்து போவோம். ஏடிஆரில் ஆட்டோதிராட்டில் (வேகத்தைத் தானாகச் சீர்செய்யும் வசதி) கிடையாது. ஆடிக் காற்றில் தூத்துக்குடியில் இறக்கும்போது வேகத்தைப் பிடித்து வைப்பது முழுக்கக் கைவேலை. ஒரே நாளில் நாலு செக்டர், ஐந்து செக்டர் (ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு செக்டர்) இப்படி இறக்கினால் கை தானாகப் பழகிவிடும்.

சம்பளத்தில், நான் பார்த்த அளவில், தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சார்ட்டரில் மாதச் சம்பளம் ஏறக்குறைய நிலையானது. ஏர்லைனில் பறந்த நேரத்துக்கு ஏற்ப ஏறும், இறங்கும்.

சார்ட்டருக்கு ஒரு விஷயத்தில் நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஏர்லைனில் டிஸ்பாட்ச் ஆட்கள் தயாராகக் கையில் கொடுக்கிற எல்லாவற்றையும் அங்கே நாமே செய்ய வேண்டும்: ஃப்ளைட் பிளான் போடுவது, போகிற ஊர் ஏர்போர்ட் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று விசாரிப்பது, பார்க்கிங் பேசுவது, எரிபொருள் வண்டிக்கு அலைவது. பெட்டி ஏற்றுவதும் ஐஸ் வாங்கி வைப்பதும்கூட கோ-பைலட்தான். அலுப்பான வேலை. ஆனால் ஒரு விமானம் தரையை விட்டுக் கிளம்புவதற்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ரோஸ்டர் (வேலை அட்டவணை) விஷயத்தில் போட்டியே இல்லை. ஏர்லைனில் அடுத்த வாரம் எந்த நாள் விடுப்பு என்று முன்கூட்டியே தெரியும். 2025 ஜூலையிலிருந்து வாராந்திர ஓய்வையும் 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ உயர்த்தியிருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்கும் கொடுமை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சார்ட்டரில் ரோஸ்டர் என்பதே ஃபோன்தான். "சார் அரை மணியில் வந்துடுவார்" என்று சொல்லப்பட்டு, மதியச் சாப்பாடு போய் மாலை டீயும் போய்விடும். இன்னொன்றும் உண்டு. வானிலை மோசம் என்று ஏடிஆர் கேப்டன் திரும்பிவிட்டால், பயணிக்கும் அவருக்கும் நடுவே ஒரு நிறுவனமே நிற்கிறது. ஜெட்டில் பயணியே காக்பிட்டுக்குள் தலையை நீட்டி, "என்னப்பா, இறங்க முடியாதா?" என்பார். அதற்கு "முடியாது சார்" என்று சொல்ல அனுபவம் வேண்டும். 200 மணி நேரப் பையனுக்கு அது எங்கிருந்து வரும்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை நகர்த்தியது லாக்புக், அதாவது பறந்த மணி நேரத்தை எழுதி வைக்கும் பதிவேடு. வாங்குகிற காரை நாளைக்கு விற்றால் என்ன விலை போகும் என்று பார்ப்போமே, வேலையையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே சேர்த்த மணி நேரமும் டைப் ரேட்டிங்கும் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) நாளைக்கு வேறு யாரிடமாவது செல்லுமா?

முதலில் மணி நேரம். கேப்டன் ஆகத் தேவையான ஏ.டி.பி.எல். உரிமம் வாங்க மொத்தம் 1500 மணி நேரம் வேண்டும். மற்ற நிபந்தனைகள் தனி. ஏர்லைனில் ஒருவர் ஆண்டுக்கு 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. நடைமுறையில் 700, 750 வந்துவிடும். அதாவது 200-இலிருந்து 1500-ஐத் தொட இரண்டு வருடம் போதும். சிறிய சார்ட்டரில் ஆண்டுக்கு 250, 300 வந்தாலே நல்ல வருடம். அதே தூரத்தைக் கடக்க நாலைந்து வருடம். தேர்தல் வந்தால் மட்டும் மீட்டர் ஓடும், முடிந்ததும் விமானம் ஹேங்கருக்குப் போய்விடும்.

அடுத்தது எடை. வெளிநாட்டு விமான நிறுவனங்கள் பல, இத்தனை டன்னுக்கு மேற்பட்ட விமானத்தில் அனுபவம் வேண்டும் என்று கேட்கின்றன. ஏடிஆர் 72-600-இன் அதிகபட்ச எடை 23 டன். ஹாக்கர் 850 பதின்மூன்று டன்னைக்கூடத் தொடாது. ஜெட் என்ற பெயர் இருந்தும் அந்த மணி நேரம் பல விண்ணப்பங்களில் எடுபடாமல் போகிறது. டர்போப்ராப் வேண்டாம், ஜெட்தான் வேண்டும் என்று கேட்கிற நிறுவனங்களும் உண்டு. அங்கே கணக்கு திரும்பிவிடும்.

மூன்றாவதுதான் பெரியது. ஜெட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர். அவர் விமானத்தை விற்றால் நம் இருக்கையும் சேர்ந்து போகிறது. நான் இருந்த இடத்தில் ஒரு விமானம் விலைபோனது. அதை ஓட்டியவர்கள் வேறு ஹாக்கர் தேடி அலைந்தார்கள். இருந்தவை சில, அவற்றில் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். புது ரேட்டிங் என்றால் சிமுலேட்டர் பயிற்சி துபாயிலோ அமெரிக்காவிலோ, செலவு லட்சங்களில். இருக்கிற ரேட்டிங்கைத் தக்கவைக்கவும் குறிப்பிட்ட இடைவெளியில் திறன் தேர்வு கொடுத்தாக வேண்டும். முதலாளி அதற்கான பணத்தைத் தள்ளிப்போட்டால் பைலட் தரையில் உட்கார வேண்டியதுதான்.

ஏர்லைன் மட்டும் மூழ்காதா என்று கேட்பீர்கள். நன்றாக மூழ்கும். சென்னையிலிருந்து பறந்த பாரமவுன்ட் 2010-இல் நின்றது, விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2017-இல் நின்றது, ஏடிஆர் பறந்த ட்ரூஜெட் 2022-இல் நின்றது. ஆனால் மூன்றும் ஒன்றில்லை. முதல் இரண்டும் எம்ப்ரேயர் ஜெட் ஓட்டின. அப்போது இந்தியாவில் அந்த வகையைப் பயணிகள் சேவையில் ஓட்ட வேறு ஆள் கிடையாது. ட்ரூஜெட் நின்றபோதோ ஏடிஆர் பைலட் போய்க் கேட்க இண்டிகோ இருந்தது, அலையன்ஸ் ஏர் இருந்தது. 2024-இல் கோவாவிலிருந்து ஃப்ளை91-உம் வந்துவிட்டது. எல்லோருக்கும் உடனே வேலை கிடைத்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை, கேட்க இடம் இருந்தது என்றுதான். ஆகவே ஜெட்டா, ஏர்லைனா என்பதைவிட, நம்முடைய ரேட்டிங்குக்கு ஊரில் எத்தனை முதலாளிகள் என்பதுதான் என் கேள்வி. அரிதான விமானம் ஓட்டுவது பெருமைதான். வேலை போகிற அன்று அதே அரிது கழுத்தைப் பிடிக்கும்.

ஏர்லைனிலும் கட்டு இருக்கிறது. டைப் ரேட்டிங்குக்குப் பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) போடுவார்கள். 2017 விதிப்படி கோ-பைலட் ஆறு மாதம், கேப்டன் ஒரு வருடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நல்ல வாய்ப்பு வந்தாலும் நினைத்த மாத்திரத்தில் கிளம்ப முடியாது.

நான் பார்த்தது சின்ன நிறுவனம் மட்டுமே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து பெரிய ஜெட் வைத்திருக்கும் தொழில் குழுமங்களில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே சம்பளமும் விடுப்பும் ஒழுங்காக இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். ஏ.டி.பி.எல்.லும் சில ஆயிரம் மணி நேரமும் சேர்த்துக்கொண்டு நாற்பது வயதுக்கு மேல் அப்படி ஓர் இடத்துக்குப் போகிறவரைத் தடுக்க என்னிடம் வாதம் இல்லை.

தொடக்கத்திலேயே ஜெட் பக்கம் போகத்தான் போகிறீர்கள் என்றால், சேரும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகை விமானம் நாட்டில் வேறு யாரிடமெல்லாம் இருக்கிறது? சிமுலேட்டருக்கு யார் பணம், எந்த ஊரில்? விமானத்தை விற்றுவிட்டால் பாண்ட் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், ஒப்பந்தத்தில் எழுதித் தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.