பத்து வருடமாக மாடியில் சோலார்: மிச்சம் யாருக்கு?

2015இல் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். 250 வாட் பேனல்கள் 12. துணி காயப்போடும் இடம் மொத்தமும் போய்விட்டது. அதற்கு வீட்டில் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். இப்போது 600 வாட் பேனல்களே சர்வசாதாரணம், அதே 3 கிலோவாட்டுக்கு ஐந்து போதும். உலகச் சந்தையில் பேனல் விலை அன்றிருந்ததில் கால்வாசிகூட இல்லை. "அவசரப்பட்டு வாங்கி ஏமாந்துட்டீங்களோ?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, போட்ட பணம் ஏழாவது வருடமே வந்துவிட்டது. ஆனால் அது வந்த விதத்தைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதலில் பேனல். இந்த அமைப்பிலேயே தொந்தரவு தராத பொருள் அதுதான். முதல் வருடம் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வந்தது, இப்போது 11 சொச்சம். வருடத்துக்கு அரை சதவீதம் அளவுக்குத் திறன் குறையும் என்பார்கள், கணக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தூசியைவிடப் பறவை எச்சம் மோசம். கழுவுவதென்றால் விடியற்காலையில் கழுவுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டாம். கோடையில்தான் மின்சாரம் கொட்டும் என்று நினைத்திருந்தேன். பேனல் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். எனக்கு அதிகம் கிடைப்பது மழை பெய்து கழுவிவிட்டுப் போன மறுநாள், வானம் வெளுத்துக் காற்றும் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான்.

பேனலில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியான இன்வெர்ட்டரின் கதை வேறு. எட்டாவது வருடம் ஒரு நாள் திரை அணைந்தது, அணைந்ததுதான். வாரண்டி ஐந்து வருடத்தோடு முடிந்திருந்தது. பொருத்திக் கொடுத்த நிறுவனத்தின் தொலைபேசி உபயோகத்தில் இல்லை. வேறு ஆள் பிடித்து, புது இன்வெர்ட்டர் வாங்கி மாட்டுவதற்குள் ஐந்து வாரம் ஓடிவிட்டது. அவ்வளவு நாளும் மேலே வெயில் சும்மா காய்ந்தது. பேனல் விலை விழுந்த வேகத்தில் பேனலைத் தாங்கும் சட்டகம், வயரிங், கூலி எதுவும் விழவில்லை. விளம்பரத்தில் பேனல் விலையை மட்டும் பார்த்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்றும் முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேட்டரி இல்லாத அமைப்பு என்பதால், கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். உச்சிவெயிலில், மாடி நிறையப் பேனலை வைத்துக்கொண்டு, கையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறேன்! கம்பியில் வேலை பார்க்கும் ஊழியர் மேல் நம் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாகவே துண்டித்துக்கொள்கிறது. சரியான ஏற்பாடுதான், விற்கும்போது யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

அப்புறம் விதி மாறியது. ஆரம்பத்தில் பகலில் நான் மின்வாரியக் கம்பிக்கு அனுப்பும் யூனிட்டை, இரவில் எடுக்கும் யூனிட்டுக்கு நேராகக் கழித்தார்கள். பின்னர் அனுப்பும் யூனிட்டுக்கு விலையைக் குறைத்துவிட்டார்கள். கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது: எல்லார் மாடியிலும் மதியம் ஒரே நேரத்தில் மின்சாரம் வந்தால் அது மலிவாகத்தான் போகும், தட்டுப்பாடு வருவது பொழுது சாய்ந்த பிறகு. கலிபோர்னியாவில் 2013இலேயே இதை வரைபடமாகப் போட்டார்கள். வாத்து மாதிரி இருந்ததால் வாத்து வளைவு என்று பெயராகிவிட்டது. நானும் மோட்டார், துணி துவைப்பது, இஸ்திரி எல்லாவற்றையும் மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். பகலில் வீட்டில் ஆள் இருப்பதால் முடிந்தது. காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இதே பேனல் இவ்வளவு மிச்சம் தராது.

இந்த விலை இறக்கத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்த்தால் அதுவும் வேடிக்கைதான். ஜெர்மனி 2000இல் சட்டம் போட்டு சோலார் மின்சாரத்துக்கு நல்ல விலை கொடுத்தது. அந்தச் செலவை அங்கே சாதாரண மக்கள் தங்கள் மின்கட்டணத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அந்தத் தேவையை நம்பி சீனாவில் தொழிற்சாலைகள் பெருகின, உற்பத்தி கூடக்கூட விலை இறங்கியது. 2010க்கும் 2023க்கும் இடையில் பெரிய சோலார் நிலையங்களில் ஒரு யூனிட் உண்டாக்கும் செலவு சுமார் 90 சதவீதம் குறைந்ததாகச் சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை சொல்கிறது. ஆனாலும் 2024இல் சீனாவின் பெரிய பேனல் நிறுவனங்கள் பலவும் நஷ்டக் கணக்கே காட்டின. செய்தவருக்கு லாபம் இல்லை. பில் கட்டுபவருக்காவது கிடைத்ததா? பல நாட்டுச் சந்தைகளில் அந்த நேரத்தில் ஓடும் மிக விலையுயர்ந்த மின் நிலையம்தான் எல்லா மின்சாரத்துக்கும் விலை வைக்கிறது. 2022இல் எரிவாயு விலை ஏறி, அதில் ஓடும் நிலையங்களின் செலவு கூடியதும் ஐரோப்பாவில் பில் எகிறியது அதனால்தான். ஆக, பில் கட்டுபவருக்கும் இறக்கம் முழுதாக வந்து சேரவில்லை.

எனக்கு வந்தது. சொந்தக் கூரை இருந்தது, மொத்தமாகப் போடக் கையில் பணம் இருந்தது, வட்டி கட்ட வேண்டியிருக்கவில்லை. சோலாரில் செலவு முழுவதும் முதல் நாளே என்பதால், கடன் வாங்குபவருக்கு வட்டி ஏற ஏற வெயிலும் விலை ஏறிவிடும். அதோடு நான் கம்பியிலிருந்து எடுக்கும் யூனிட் குறைந்தால், அந்தக் கம்பியைப் பராமரிக்கும் செலவில் என் பங்கும் குறைகிறது. அந்தக் குறையை மற்றவர்கள் சுமக்கிறார்கள். நிலைக்கட்டணத்தை உயர்த்தும்போது முணுமுணுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதையெல்லாம் எனக்கு உறைக்க வைத்தவர் மாடியில் குடியிருப்பவர். "பேனல் எங்க தலைக்கு மேல இருக்கு சார், மிச்சம் கீழ்வீட்டுக்கா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதுவரை அவருக்குக் கிடைத்தது நிழல் மட்டும். பேனலுக்கு அடியில் தளம் அவ்வளவாகச் சூடேறாது, அவர் அறை முன்பைவிடக் குளிர்ச்சி. தனி மீட்டர் என்பதால் என் மின்சாரத்தை அவருக்குத் தர அப்போது வழி இருக்கவில்லை. கடைசியில் அவர் வாஷிங் மெஷினைக் கீழே கொண்டுவந்து எங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை அவர்கள் முறை. துவைத்த துணியை எங்கே காயப்போடுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.