பிக் பிட்: 90 மீட்டர் ஆழத்தில் ஒரு பொருளாதாரப் பாடம்

வேல்ஸ் நாட்டு பிளெய்னாவன் ஊரில் இருக்கும் பிக் பிட் நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகத்துக்கு என் பிள்ளைகளோடு போய் வந்தேன். நுழைவு இலவசம். கீழே இறங்கும்முன் கைபேசி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள்; பேட்டரிப் பொறி சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வாயுவைப் பற்றவைத்துவிடுமாம். விளக்கு வைத்த தலைக்கவசம், இடுப்பில் அந்த விளக்குக்கான கனமான, பொறி எழாத பேட்டரி, கூண்டு லிஃப்ட்.

வழிகாட்டி முன்னாள் சுரங்கத் தொழிலாளி. ஒரு இடத்தில் விளக்குகளை அணைக்கச் சொன்னார். முகத்துக்கு முன் பிடித்த கை தெரியவில்லை. சின்னவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நிலத்துக்கடியிலேயே குதிரைகளைக் கட்டி வேலை வாங்கிய லாயங்களையும் காட்டினார், மனசு கனத்துப் போச்சு.

1913-இல் தெற்கு வேல்ஸில் மட்டும் 2,30,000 பேருக்கு மேல் நிலக்கரியில் வேலை பார்த்தார்கள். அங்குள்ள பாரி துறைமுகத்தில் கப்பல் கப்பலாக ஏற்றுமதி. நாட்டின் வருமானத்தில் பெரிய பங்கு கொடுத்த தொழில்! இந்தச் சுரங்கம் 1980-இல் மூடியது. பிரிட்டனின் கடைசி ஆழ நிலக்கரிச் சுரங்கம் 2015-இல். பொருளாதார வகுப்பில் வரைபடமாக நான் காட்டும் சரிவு அது.

குளிரும், ஸ்வெட்டர் அவசியம். தொழிலாளர்களின் குளியலறைக் கட்டடத்தை விட்டுவிடாதீர்கள்.