அயர்ன் மேனா தோரா, எதப்பா போடறது?

வியாசர்பாடி பசங்க சனிக்கெழம நைட்டு எந்த படம் போடறதுன்னு ஒரே சண்ட, 2008ல வந்த அயர்ன் மேனா இல்ல 2011 தோரான்னு. ரெண்டுலயும் ஹீரோ திமிரு புடிச்சவன்தான்.

தப்பு:
டோனி (அயர்ன் மேன் ஹீரோ): ஆயுதம் வித்தே காசு பாத்தவன்.
தோர்: கோவத்துல பனி அரக்கருங்க ஒலகமான ஜோட்டன்ஹைம்ல பூந்து அடிச்சி, அப்பா கட்டிக்காத்த சமாதானத்தையே காலி பண்ணவன்.

திருந்தறது:
டோனி: ஆப்கானிஸ்தான்ல அவன் கம்பெனி குண்டே அவன் நெஞ்ச பதம் பாக்குது, குகைல உசுர காப்பாத்துன யின்சென் கண்ணு முன்னாடியே சாவுறாரு, ஊருக்கு வந்ததும் பிரஸ்காரங்கள கூப்ட்டு ஆயுதம் செய்யறத நிறுத்தறேன்னு சொல்லிடறான், ஆனா அந்த திமிரு மட்டும் எங்கயும் போவல, கடைசி சீன்லயே நாந்தான் அயர்ன் மேன்னு போட்டு ஒடைக்கறான் பாரு, அதான் நம்பற மாரி கீது.
தோர்: அப்பா சக்திய புடுங்கி பூமிக்கு தொரத்திடறாரு, அங்க அவனோட சுத்தியலயே தூக்க முடியாம ஒக்காந்துடற சீன் செம்ம. அப்பறம் மத்தவங்களுக்காக சாவவும் ரெடியாறான். ஆனா பூமில கொஞ்ச நாள்லயே திருந்திட்டானாம் (எங்க ஏரியால எவன் அப்டி திருந்தனான்!).

சின்ன பசங்களுக்கு:
தோர் ஈசி. அப்பா குடுக்கற தண்டன, அண்ணன் தம்பி பொறாம, டக்குனு புரியும்.
டோனி: குகை சீனுக்கு குட்டிங்க கொஞ்சம் மெரளும்.

வீட்ல பொடுசுங்களோடன்னா தோர் போடுங்க. கூட்டாளிங்களோட பாத்துட்டு விடிய விடிய பேசணும்னா டோனி, என் ஓட்டு அவனுக்குத்தான்.