2.1 ஸ்பீக்கரை எடுத்துவிட்டுச் சின்ன ஸ்டீரியோ செட்: டிக்கோயாவில் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

கணினி மேசையில் இருந்த 2.1 ஸ்பீக்கரை, அதாவது மேலே இரண்டு சின்னப் பெட்டியும் அடியில் ஒரு பேஸ் பெட்டியுமாக வரும் வகையை, எடுத்துவிட்டு ஒரு சின்ன ஸ்டீரியோ செட் போட்டு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வாங்கிய கையோடு எழுதியிருந்தால் எல்லாம் அருமை என்று முடித்திருப்பேன். இப்போது பூஞ்சணம் பிடித்ததையும் பார்த்தாயிற்று, வோல்டேஜ் படுத்துவிட்ட மாலைகளையும் பார்த்தாயிற்று. இனிச் சொன்னால் வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் செட் வந்த பிறகு எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தம் குறைந்துவிட்டது. கொடுத்த காசுக்குக் கிடைத்த பெரிய இலாபம் அதுதான்.

வீட்டு நிலைமையைச் சொன்னால்தான் இது விளங்கும். மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம், தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு ஒன்று. அறை பழைய அளவு, பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேலே தகரம். ஒரு பக்கச் சுவர் எங்களுக்கும் அடுத்த வீட்டுச் சின்னம்மாவுக்கும் பொது. 2.1 இருந்த காலத்தில் மேசைக்கு அடியில் கிடந்த பேஸ் பெட்டியின் அதிர்வு அந்தச் சுவர் வழியாகத்தான் போகும். பாட்டின் சொல் ஒன்றும் அந்தப் பக்கம் கேட்காது, இடி மட்டும் கேட்கும். "தம்பி, ராத்திரியில செவுத்துல யாரோ குத்துற மாதிரியே இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். சண்டைக்கு வரமாட்டார், அதுதான் இன்னும் சங்கடம். பேஸைக் குறைத்தால் பாட்டு சப்பென்று ஆகிவிடும், கூட்டினால் சின்னம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். நடுவில் ஓர் இடம் அந்தச் செட்டில் இருக்கவே இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. மேசை மேல் வைக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருப்பது ஆறேழு சென்ரிமீற்றர் ஸ்பீக்கர். 150, 200 ஹேர்ட்ஸுக்கு (வினாடிக்கு அத்தனை அதிர்வு) கீழே உள்ள தாழ்ந்த ஒலியை அதனால் உருப்படியாக ஒலிக்க முடியாது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அடியில் கிடக்கும் பெட்டிக்குப் போகும். ஆண் குரலின் அடிச்சுருதியோ ஏறக்குறைய 85 முதல் 180 ஹேர்ட்ஸ் வரை. ஆக, செய்தி வாசிக்கிறவரின் நெஞ்சு மேசைக்கு அடியிலிருந்தும் வாய் மேசைக்கு மேலிருந்தும் பேசும். விலை கூடிய 2.1 செட்டுகளில் இது இவ்வளவு மோசமாக இராது. நான் சொல்வது நம்மில் பலர் வாங்குகிற மலிவு வகையை.

அப்புறம் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் வொட் கணக்கு. பிஎம்பிஓ, அதாவது ஒரு கணத்து உச்சம் என்று போட்டு ஆயிரம், இரண்டாயிரம் என்பார்கள். அதற்கு ஒரு நியமமும் கிடையாது, நினைத்த எண்ணைப் போடலாம். தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வொட் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். யூஎஸ்பியில் மட்டும் ஓடும் ஸ்பீக்கர் என்றால் கணக்கு இன்னும் இலகு. சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட்டில் அரை அம்பியர், மொத்தம் இரண்டரை வொட். அதற்கு மேல் எங்கிருந்து வரும்?

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். இலங்கையில் குறைந்த செலவில் ஸ்டீரியோ என்றால் முதலில் கண்ணில் படுவது பாவித்த ஜப்பான் சாமான்தான். கென்வுட், டெனன், ஒன்கியோ, பயனியர் என்று கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். நான் போனது கண்டியில் ஒரு கடைக்கு. ஒலியைப் பெருக்கும் அம்ப், ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்லிக் கடைக்காரர் விடாப்பிடியாக நின்றார். "மல்லி (தம்பி), ஒரு ட்ரான்ஸ்போமர் போட்டா சரி, இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்றார். பெட்டியை எடுத்தேன், அம்பை விட்டேன்.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. இடையில் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் ஓடாது. வீட்டில் யாராவது தெரியாமல் நேராகச் சொருகினால் அன்றோடு அம்ப் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, கவனமாக இருக்கலாம். ஆனால் அந்த ட்ரான்ஸ்போமர் வோல்டேஜை நிலையாக வைத்திருக்காது, வருவதை அதே விகிதத்தில் குறைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். எங்கள் பக்கம் மாலை ஆறரை, ஏழுக்கு எல்லா வீட்டிலும் கேத்தலும் ரைஸ் குக்கரும் போட்டால் வோல்டேஜ் இறங்கும். 190க்கு வந்தால் அம்புக்குப் போய்ச் சேருவது 83 வோல்ட். சில அம்ப் அதிலும் ஓடும், சில டக்கென்று நின்றுவிடும். வேலை முடிந்து வந்து பாட்டுக் கேட்கிற நேரமும் அதுதானே.

அதனால் அம்ப் மட்டும் புதிது. உள்ளங்கை அகலத்தில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் கிளாஸ் டி வகைச் சீனத்து அம்ப் ஒன்று, உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3116 சிப். 24 வோல்ட் அடப்டரில் ஓடுகிறது. அடப்டரின் முதுகில் 100-240 வோல்ட் என்று போட்டிருக்கும். வெளியே 190க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு 24ஐக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஓசைநயம் பற்றி என்னிடம் யார் எவ்வளவு வாதாடினாலும், மலைநாட்டுக் கரண்டுக்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

பெட்டி, அம்ப், வயர் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பாதிக்கு மேல் பெட்டிக்கு. அப்படித்தான் இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

பாவித்த பெட்டி எடுக்கும்போது முன்துணியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பீக்கரின் நடுவில் அதிரும் கூம்பான கோனைச் சுற்றி இருக்கும் வளையம் ஸ்பொஞ்சா, ரப்பரா? ஸ்பொஞ்ச் என்றால் பழைய பெட்டியில் உதிரும், ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம் உதிரும். எனக்கு முதலில் காட்டிய சோடியில் விரல் பட்டதுமே கறுப்புத் தூள் வந்தது. "அது ஒண்ணும் செய்யாது" என்றார்கள். செய்யும். வளையம் போனால் கோன் ஒரு பக்கம் சரிந்து உரசும், அப்புறம் கரகரப்புத்தான். நான் எடுத்தது ஏதோ ஒரு மினி செட்டோடு வந்த சோடி. தாழ்ந்த ஒலிக்கு 12 சென்ரிமீற்றர் வூஃபர், ரப்பர் வளையம், மேலே உச்ச ஒலிக்கு மெல்லிய டோம் ட்வீட்டர், மின்தடை 6 ஓம். பெட்டி தூக்கும்போது கனமாக இருந்தது, தட்டினால் வெற்றுச் சத்தம் வரவில்லை.

அம்பின் மேல் 100+100 வொட் என்று எழுதியிருக்கிறது. 24 வோல்ட்டை வைத்துக்கொண்டு 6 ஓம் பெட்டிக்கு 48 வொட்டுக்கு மேல் சுத்தமாக வர வழியில்லை. அதனால் என்ன? இந்த அளவுப் பெட்டிகளுக்கு ஒரு வொட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 85 டெசிபல் சொச்சம் வரும். ராத்திரி நான் கேட்கிற 65க்கு வேண்டியது ஒரு வொட்டில் நூறில் ஒரு பங்கு. மிச்ச 47 வொட்டை வைத்து என்ன, கோயில் திருவிழாவா நடத்தப்போகிறேன்?

குரல் முழுதாக ஒரே பெட்டியிலிருந்து வருவதுதான் உண்மையான மாற்றம். நெஞ்சும் வாயும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டன. 2.1இல் சொல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் வொலியூமைக் கூட்டவேண்டியிருந்தது, கூட்டினால் கூடவே இடியும் வரும். இப்போது குமிழை ஒன்பது மணி நிலைக்குக் கூடத் திருப்புவதில்லை. சில மாதம் கழித்துச் சின்னம்மா, "என்னப்பா, இப்பல்லாம் பாட்டுக் கேக்குறதே இல்லையா?" என்று விசாரித்தார். வேறு எந்த அளவுகோலும் எனக்கு வேண்டாம்.

வானொலியில் இது நன்றாகத் தெரிகிறது. பள்ளத்தில் இருப்பதால் எங்களுக்கு எஃப்எம் ஒழுங்காக எடுக்காது, இலங்கை வானொலியின் தென்றல் எஃப்எம்மை நெட்டில்தான் கேட்கிறேன். அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் பழைய ஒலிப்பதிவுகளையும் தேடிப் போட்டுக் கேட்பேன். அந்தக் காலத்துப் பதிவில் உச்ச ஒலிகள் அதிகம் இருக்காது, எந்த ட்வீட்டர் போட்டாலும் இல்லாதது வராது. ஆனால் குரலின் கனம் அதில் பத்திரமாக இருக்கிறது. 2.1 அதைத்தான் இவ்வளவு காலம் தின்றுகொண்டிருந்தது.

தப்பு மேளத்தின் கதை வேறு மாதிரி. மாசியில் காமன்கூத்து நடந்தபோது போனில் பிடித்த பதிவு ஒன்று வைத்திருக்கிறேன். நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கிய தப்பின் முதல் அடிக்கு ஒரு கூர்மை உண்டு, மார்பில் வந்து விழும். புதுப் பெட்டியில் போட்டால் எழும்பி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. போன் தானாகவே ஒலியைக் குறைத்துத் தட்டையாக்கிப் பிடித்திருக்கிறது. பழைய ஸ்பீக்கரில் அது தெரியவில்லை, இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. உங்கள் கையில் இருக்கிற எம்பி3 எல்லாம் திடீரென்று இனிக்கும் என்று எண்ணிப் பெட்டி வாங்க வேண்டாம்.

தனி பேஸ் பெட்டியாக சப்வூஃபர் ஒன்றும் சேர்க்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இந்த அறைக்கு வேண்டாம். பன்னிரண்டு அடி நீளத்துக்கு 47 ஹேர்ட்ஸ் அளவிலும் பத்தடி அகலத்துக்கு 56 ஹேர்ட்ஸ் அளவிலும் அறையே சேர்ந்து முழங்கத் தொடங்கும். என் பெட்டிகள் 60க்குக் கீழே மெதுவாக ஓய்ந்துவிடுவதால் அந்தத் தொல்லையை எழுப்புவதில்லை. பின்பக்கம் துளையுள்ள பெட்டி என்பதால் சுவரோடு ஒட்டி வைத்தால் மட்டும் கொஞ்சம் குமுறும். ஒரு சாண் முன்னுக்கு இழுத்து, துளைக்குள் பழைய சொக்ஸ் ஒன்றைச் சுருட்டித் திணித்தேன், அடங்கிவிட்டது. ட்வீட்டர் காது உயரத்துக்கு வர அடியில் இரண்டு புத்தகம்.

லெப்டொப்பை வயரில் இணைத்து சார்ஜரும் போட்டிருந்தால் மெல்லிய இரைச்சல் வரும், சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கும். நான் பெரும்பாலும் புளூடூத்தில் விட்டுவிடுகிறேன்.

இனி மழை. ஹட்டன் பக்கம் 1,200 மீற்றருக்கு மேலே, மே முதல் செப்டெம்பர் வரை துணியே காயாது. முதல் மழைக்காலத்தில் முன்துணியில் வெள்ளைப் புள்ளி வந்தது. கழற்றி வெயிலில் போட்டுத் தூரிகையால் துடைத்தேன், அதற்குப் பிறகு மழை மாதங்களில் துணியைப் போடுவதே இல்லை. கோனின் விளிம்பில் லேசாகப் பூத்ததை உலர்ந்த துணியால் ஒற்றியதோடு சரி, ஈரத்துணி வைக்கக்கூடாது. இரண்டாவது மழைக்காலத்தில் வொலியூம் குமிழ் கரகரத்தது. கொன்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, நாலைந்து முறை திருப்பினால் போய்விட்டது. பெட்டிக்குப் போகும் வயரின் செம்பு முனை பச்சை பிடித்தது, வெட்டிப் புதிதாகச் சீவிப் போட்டேன். தினமும் கொஞ்ச நேரமாவது செட்டை ஓடவிடுவது நல்லது, உள்ளே லேசாகச் சூடு ஏறி ஈரம் குறையும். தகரத்தில் பெருமழை விழும் நேரத்தில் எதுவும் கேட்காது, அதற்கு வைத்தியம் இல்லை. ஹெட்போன்தான்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி முழங்கத் தொடங்கினால் அடப்டரைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்று. இந்த வகை அம்ப் 12 வோல்ட்டிலும் ஓடும். கரண்ட் போனால் மோட்டார்சைக்கிள் பற்றரி ஒன்றில் மாட்டிவிடுகிறேன். 6 ஓம் பெட்டிக்கு அப்போதும் 12 வொட் வரை வரும், தேவைக்கு மிக அதிகம். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தபோது இது கையில் இருந்திருந்தால் என்று அவ்வப்போது நினைப்பதுண்டு.

குறை என்றால், ரிமோட் இல்லை. படத்தில் வெடிச்சத்தம் மேசையை உலுக்கவேண்டும் என்கிறவர்களுக்கும் இது பிடிக்காது, அவர்கள் நல்ல 2.1ஆகப் பார்த்து வாங்கலாம், தனி வீடாக இருந்தால். என்னிடம் இருக்கும் அதே சோடிதான் வேண்டும் என்று தேடாதீர்கள், பாவித்த சாமானில் அப்படிக் கிடைக்காது. 12 சென்ரிமீற்றருக்குக் குறையாத வூஃபர், ரப்பர் வளையம், 6 ஓம் அல்லது 8 ஓம், இரண்டு பெட்டியும் ஒரே அளவில் ஒலிக்கிறதா என்று கடையிலேயே பேச்சு ஒன்றைப் போட்டுக் கேட்பது. பாட்டைப் போட்டுக் காட்டத்தான் கடைக்காரர் பார்ப்பார். நீங்கள் செய்தியைப் போடச் சொல்லுங்கள்.