எக்ஸ் கதிர் கொரோனா: கபெல்லாவா, எஃப்கே கோமேயா?

ராட்சத விண்மீன்களின் கொரோனாவை, அதாவது எக்ஸ் கதிர் வீசும் மிகச் சூடான வெளி வளிமண்டலத்தைப் படிக்க, கபெல்லா, எஃப்கே கோமே என்ற இரண்டில் எதில் தொடங்குவது என்று தயங்குவோருக்கு:

தொலைவு: கபெல்லா 43 ஒளியாண்டு, வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். எஃப்கே கோமேவுக்குப் பைனாகுலர் வேண்டும்.

சுழற்சி: கபெல்லா இரண்டு ராட்சத விண்மீன்களின் ஜோடி; அதில் வேகமானது தன்னைத்தானே ஒருமுறை சுற்றச் சுமார் 8 நாள். எஃப்கே கோமேவுக்கு வெறும் 2.4 நாள். இத்தனை வீங்கிய விண்மீனுக்கு இது அசாத்திய வேகம்! நெருங்கிச் சுற்றிய இரண்டு விண்மீன்கள் ஒன்றாகிப் பிறந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த வேகம்தான் காந்தப்புலத்தை வளர்த்து, கொரோனாவையும் சூடாக்குகிறது.

கொரோனா: கபெல்லாவில் பெரும்பாலும் 60 லட்சம் கெல்வின், நிதானமானது. எஃப்கே கோமேயில் கோடிகளைத் தொடும், சீற்றங்கள் வேறு.

நிறமாலைக் கோடுகளை (ஒளியைப் பிரித்தால் தனிமங்கள் காட்டும் அடையாளக் கோடுகள்) பழகவென்றால் சரி, கபெல்லா போதும். சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் அளவுத்திருத்தத்துக்கே அது பயன்பட்டது. காந்தச் செயல்பாட்டின் உச்சத்தைப் பார்க்க எஃப்கே கோமேதான். என் ஓட்டும் அதற்கே.