பாரதி கவிஞர் பெட்டியில்தான் இருக்கிறார்: ஒரு ஸ்டாம்ப் கடை அனுபவம்

பாரிமுனைச் சந்து ஒன்றில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்தக் கடை. பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் பின்னால் வரும்.

நான் போனது ஒரே ஒரு ஸ்டாம்புக்காக. 1960 செப்டம்பர் 11 அன்று வந்த பாரதியார், 15 நயா பைசா. சுதந்திரப் போராட்டத்தில் இருந்த பத்திரிகைக்காரர்களை மட்டும் வைத்து ஆல்பம் சேர்க்கிறேன். 1999-இல் நூற்றாண்டுக்கு வந்த கல்கி கையில் இருக்கிறார், ஆனால் பாரதி இல்லாமல் முதல் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

"பத்திரிகைக்காரங்க பெட்டி இருக்குங்களா ஐயா?"

"அப்படி ஒண்ணு கிடையாது தம்பி. பாரதின்னா கவிஞர் பெட்டி."

எனக்குச் சுருக்கென்றது. 1904-இல் ஜி. சுப்பிரமணிய ஐயரிடம் சுதேசமித்திரனில் சேர்ந்து, செய்தி மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்கியவர், 1906-இலிருந்து 'இந்தியா' வார இதழில் கேலிச்சித்திரம் போட்டு வெள்ளைக்காரனை வம்புக்கு இழுத்தவர், அவர் கவிஞர் மட்டும்தானா என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டார். 1908-இல் 'இந்தியா'வின் ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசனைப் பிடித்து உள்ளே வைத்தது, பாரதி புதுச்சேரிக்குப் போனது, பத்திரிகை அங்கிருந்து வந்தது எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "பிரிட்டிஷ் எல்லைக்குள்ள அந்தப் பேப்பர் வரக்கூடாதுன்னு தடுத்தான், 1910-இல நின்னு போச்சு. அவருக்கு வர்ற கடுதாசியையே பிரிச்சுப் பார்த்த இலாகா, சரியா அம்பது வருஷம் கழிச்சு அவர் மூஞ்சியையே அச்சடிச்சுது பாருங்க" என்று சொல்லிச் சிரித்தார். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே கடைக்குப் போகலாம்.

இப்போது காரணம். ஸ்டாம்பை இடுக்கியால் எடுத்து, முண்டாசு மேலே தெரிய கண்ணாடித் தாளுக்குள் வைத்து, "புதுசு, பசை அப்படியே இருக்கு" என்று நாற்பது ரூபாய் வாங்கினார். வீட்டில் திருப்பிப் பார்த்தால், யாரோ எப்போதோ ஆல்பத்தில் ஹிஞ்ச் (ஸ்டாம்பின் பின்பக்கம் ஒட்டும் சின்னப் பசைக் காகிதம்) வைத்து ஒட்டி உரித்த தடம் நடுவில் பளிச்சென்று இருக்கிறது. முன்பக்கம் குறையே இல்லை, ஓரத்துப் பல் ஒன்றுகூடப் போகவில்லை, ஆனால் இதைப் புதுசு என்று விற்கக்கூடாது. மறுநாள் போய்க் கேட்டதற்கு, வித்தது வித்ததுதான் என்றுவிட்டார். டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

புது வெளியீடுதான் வேண்டும் என்றால் இங்கே வர வேண்டாம், அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவில் அச்சிட்ட விலைக்கே கிடைக்கும். பழசு தேடுபவர்கள் மாடி ஏறலாம். ஜிபே கிடையாது, சில்லறையும் கிடையாது, மதியம் இரண்டு மணி நேரம் பூட்டு.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அதில் இரண்டு பேச்சுக்கு. தேசபக்தன், நவசக்தி நடத்திய திரு.வி.க.வின் 2005 ஸ்டாம்பை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை பின்பக்கம் பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறப்பேன்.